ஸ்கிரிப்ட்டுக்குள் செட் வரியைச் செருகும் முன்

டெர்மினலில் செட் (sed, ஃபைலில் ஒரு சொல்லைத் தேடி மாற்றும் கருவி), பெர்ல் (Perl மொழி) என்று ஒருவரிக் கட்டளை அடித்து ஃபைலைத் திருத்துவதில் தப்பே இல்லை, நானும் தினமும் செய்கிறேன். ஆனால் அங்கே என்டர் தட்டியதும் ஃபைலைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிடுகிறோம். அதே வரியை ஸ்கிரிப்ட்டில் ஒட்டினால் ராத்திரி ரெண்டு மணிக்கு கிரான் (cron, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டுவது) ஓட்டும்போது பார்க்க ஆள் கிடையாது.

நான் பட்டதைச் சொல்கிறேன். கான்ஃபிக் ஃபைலில் போர்ட் 80 என்பது 8080 ஆக வேண்டும். 80 வந்தால் 8080 போடு என்று செட்டில் ஒரு வரி எழுதினேன். போர்ட் மாறியது. நாலு வரி தள்ளி டைம்அவுட் 1800 என்று இருந்தது, அதற்குள்ளும் ஒரு 80 ஒளிந்திருக்கிறதே, அது 180800 ஆகிவிட்டது. அடுத்த டெப்ளாயில் அதே ஸ்கிரிப்ட் மறுபடி ஓட, போர்ட் 808080! முன்னால் ^ (வரியின் தொடக்கம்), பின்னால் $ (வரியின் முடிவு) போட்டு முழு வரியையும் பிடித்திருந்தால் ரெண்டுமே நடந்திருக்காது.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. தேடிய சொல் ஃபைலில் இல்லவே இல்லை என்றாலும் செட் எக்ஸிட் கோட் 0 (அதாவது 'வெற்றி') தான் தரும், ஸ்கிரிப்ட்டும் எல்லாம் முடிந்தது என்று போய்க்கொண்டே இருக்கும். அதனால் மாற்றிய பிறகு புது மதிப்பு உள்ளே இருக்கிறதா என்று ஒரு கிரெப் (grep, ஃபைலில் சொல்லைத் தேடும் கட்டளை) போட்டுப் பாருங்கள்.

அதிகம் பேர் மாட்டுவது மேற்கோள் குறியில்தான். பைத்தானிலிருந்தோ பெர்லிலிருந்தோ ஷெல்லை (டெர்மினல் கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்) கூப்பிட்டு, ஷெல் செட்டைக் கூப்பிட்டால், ஒரே வரியை மூன்று பேர் ஆளுக்கொரு விதமாகப் படிக்கிறார்கள். பெர்லில் இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் $, @ இரண்டையும் பெர்லே விழுங்கிவிடும், மிச்சத்தில் ஷெல் கை வைக்கும், கடைசியில் செட்டுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று அதற்கே வெளிச்சம். செட்டுக்கும் தனிக் குறும்பு உண்டு: மாற்றுச் சொல்லில் வரும் & என்பதற்கு 'பிடிபட்டது முழுவதும்' என்று அர்த்தம். 'பூ' என்பதற்குப் பதில் 'ரோஜா&மல்லி' போடச் சொன்னால் 'ரோஜாபூமல்லி' என்று வந்து நிற்கும். பாஸ்வேர்டில் & இருந்தால் கதை முடிந்தது. அந்த மதிப்பை வெளியாள் யாராவது தருகிறார் என்றால் இன்னும் ஆபத்து, ஒரு மேற்கோள் குறியும் அரைப்புள்ளியும் (;) சேர்த்துக் கொடுத்தால் மீதியை ஷெல் தனிக் கட்டளையாகவே ஓட்டிவிடும்.

அப்புறம் மைனஸ் ஐ (-i), அதாவது விடையைத் திரையில் காட்டாமல் அந்த ஃபைலிலேயே மாற்றச் சொல்லும் ஆப்ஷன். லினக்ஸில் ஓடும் வரி மேக்கில் ஓடாது, ஏனென்றால் அங்கே மைனஸ் ஐ-க்கு அடுத்து பேக்கப் பெயரின் வால் வந்தே ஆக வேண்டும். மைனஸ் ஐ, மைனஸ் ஈ (-e, அடுத்து வருவது செட் கட்டளை என்று சொல்வது) என்று அடுத்தடுத்து எழுதினால் அந்த 'மைனஸ் ஈ'யையே வாலாக எடுத்துக்கொண்டு ஒரு நகல் ஃபைலை உண்டாக்கிவிடும். போதாததற்கு, மைனஸ் ஐ பழைய ஃபைலுக்குள் எழுதுவதில்லை, புது ஃபைல் எழுதி அந்த இடத்தில் வைக்கிறது. லினக்ஸில் சிம்லிங்க்கின் (வேறொரு ஃபைலைச் சுட்டும் லிங்க்) மேல் ஓட்டினால் லிங்க் போய் அங்கே சாதா ஃபைல் உட்கார்ந்திருக்கும். டாக்கர் கன்டெய்னருக்குள் வெளியிலிருந்து தனி ஃபைலாக மவுன்ட் செய்ததை (இணைத்ததை) தொட்டால் 'பிஸி' என்று எரர் வரும். சரி, மைனஸ் ஐ வேண்டாம், > போட்டு விடையை அதே ஃபைலுக்கே திருப்பிவிடலாம் என்று நினைத்தால் அதைவிட மோசம். செட் படிக்கத் தொடங்கும் முன்பே ஷெல் ஃபைலைக் காலி செய்துவிடும்.

பைத்தானில் எழுதிக்கொண்டிருக்கும்போது வெளியே போய் செட்டைக் கூப்பிடுவானேன்? ஃபைலைப் படி, ரீப்ளேஸ் போடு, எத்தனை இடம் சிக்கியது என்று எண்ணு, எண்ணிக்கை ஒன்று இல்லையென்றால் நிறுத்து, ஒன்றுதான் என்றால் அதே ஃபோல்டரில் தற்காலிக ஃபைலாக எழுதிப் பெயர் மாற்று. பத்து வரிதான். பெர்லிலும் $^I (பேக்கப் பெயரின் வால்), @ARGV (ஃபைல்களின் பட்டியல்) இரண்டையும் லோக்கலாக வைத்தால் ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே மைனஸ் ஐ செய்யும் வேலை நடக்கும், ஷெல்லே வேண்டாம். வெறும் ஷெல் ஸ்கிரிப்ட்தான் என்றால் விடை வேறு ஃபைலில் விழட்டும், டிஃப் (diff, ரெண்டு ஃபைலுக்கும் உள்ள வித்தியாசம்) எடுத்து மாறிய வரிகளை லாகில் போட்டுவிட்டு அப்புறம் பழையதைத் தொடுங்கள்.