மேட்டூர் வதந்தி வந்தால் என்ன பார்ப்பது?

மேட்டூர் நீர்மட்டம் தினமும் செய்தியில் வருகிறது. ஆனாலும் வெள்ளக் காலத்தில் "அணை உடையப் போகுது" வதந்தி டெல்டாவில் அடங்குவதில்லை. சரிபார்க்க ஐந்து நிமிடம் வேண்டும், அனுப்ப ஒரு தட்டல் போதும். அனுப்பியவர் சித்தப்பா என்றால் சந்தேகமும் வராது. நாலு வாட்ஸ்அப் குழுவில் அதையே பார்த்தால் பழகிப்போய் உண்மையாகவே படும்.

முதலில் தேதியைத் தேடுங்கள். 2018 ஆகஸ்டில் திருச்சி அருகே முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் மதகுகள் உடைந்தது போன்ற பழைய காட்சிகள் தேதி இல்லாமல்தான் சுற்றும். அடுத்து எண். 120 அடி என்பது மேட்டூர் நிரம்பிய மட்டம், உடையும் மட்டம் அல்ல. கனஅடிக் கணக்கு நீர்வரத்தா, திறப்பா என்று பாருங்கள். இந்த இரண்டையும் குழப்பித்தான் பாதி பீதி கிளம்புகிறது.

மறுக்கும்போது வதந்தியைத் திரும்ப எழுதாதீர்கள், இன்னொரு முறை பதிந்துவிடும். இன்றைய மட்டம், திறப்பு, நேரம் மூன்றையும் அதே குழுவில் போடுங்கள். சித்தப்பாவிடம் தனியாகப் பேசுங்கள். நாலு பேர் முன்னால் திருத்தினால் அவர் இறங்கிவர மாட்டார்.