ஃபாதர், பாஸ்டர், ரெவரண்ட், பேராயர்: அழைப்பிதழிலும் மேடையிலும் யாரை எப்படி அழைப்பது

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நாலு சபை சேர்ந்து கிறிஸ்துமஸ் விழா நடத்தினால், சாப்பாட்டு ஆர்டரைவிட அதிகத் தலைவலி தருவது கார்டில் பெயர் போடும் வேலைதான். ஒருவருக்கு ரெவரண்ட் விட்டுப்போகும், இன்னொருவருக்குப் பேராயர் பட்டம் கூடுதலாக விழும். கடைசியில் குழுவில் ஒருவர் எழுந்து, "பட்டமே எதற்கு, எல்லாரும் சகோதரர்தானே" என்பார். அந்தக் கேள்வியை முதல் கூட்டத்திலேயே முடித்துவிடுங்கள். கார்டு அச்சகத்துக்குப் போன பிறகு அதற்கு நேரமிருக்காது.

அவர் காட்டுகிற வசனம் பெரும்பாலும் மத்தேயு 23:8-10 ஆக இருக்கும். ஒன்பதாம் வசனம் பூமியில் யாரையும் பிதா என்று சொல்லக்கூடாது என்கிறது. அதைக் காட்டிக் கத்தோலிக்கரின் "ஃபாதர்" என்ற அழைப்பைக் குறை சொல்பவர்கள் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வசனங்களையும் வாசிக்க வேண்டும். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் எட்டாம் வசனம் கிறிஸ்து ஒருவரே போதகர் என்கிறது, பத்தாம் வசனம் அவர் ஒருவரே குரு என்கிறது. எழுத்துப்படி தடை என்றால் போதகரும் போகவேண்டும், ஃபாதர் மட்டும் அல்ல. அதே புதிய ஏற்பாட்டில் பவுல் கொரிந்தியருக்குத் தன்னைத் தகப்பன் என்றே சொல்கிறார் (1 கொரிந்தியர் 4:15). தம் நிருபங்கள் பலவற்றை அப்போஸ்தலன் என்று சொல்லித்தான் தொடங்குகிறார். ஆனால் பேதுரு அவரைக் குறிப்பிடும்போது பிரியமான சகோதரன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார் (2 பேதுரு 3:15). மத்தேயு 23 முழுவதையும் வாசித்தால், இயேசு கண்டிப்பது சந்தைவெளி வணக்கத்தையும் முதன்மை இருக்கையையும் தேடுகிற மனதை என்பது தெரியும். எனவே எங்கள் நிலைப்பாடு இது: சபை ஒருவருக்குக் கொடுத்த வேலையின் பெயரைச் சொல்லி அழைக்கலாம். அவர் தானே சூட்டிக்கொண்டதை அச்சடிக்க வேண்டியதில்லை. ஒரு பெயருக்கு ஒரு சபைப் பட்டம் போதும்.

இந்த அளவை முதலிலேயே எழுதி எல்லா சபைக்கும் அனுப்பிவிடுங்கள். முதலில் பெயர் கேட்டு, பட்டியல் வந்த பிறகு வெட்டினால் மனக்கசப்புதான் மிஞ்சும். தலைவரை நேராகக் கேட்பதைவிடச் சபை அலுவலகத்தைக் கேட்பது நல்லது. பணிவுள்ளவர் "சும்மா பெயர் போடுங்கள்" என்பார், மற்றவர் ஐந்து வரி அனுப்புவார், இரண்டுமே உதவாது. விழாவுக்கு ஆறு வாரம் முன்னால் இப்படி ஒரு வாட்ஸ்அப் போதும்:

"ஸ்தோத்திரம். டிசம்பர் விழாவுக்குக் கார்டு அடிக்கிறோம். எல்லாருக்கும் ஒரு பட்டம், பெயர், இப்போதைய பொறுப்பு என்று மூன்று மட்டும் போடுகிறோம். உங்கள் தலைவருக்குரியதை ரூமியிலும் (ரோமன் எழுத்தில்) தமிழிலும் தட்டச்சு செய்து அனுப்பவும். வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் நல்லது."

கத்தோலிக்கப் பங்குக்கு அனுப்பும்போது "ஸ்தோத்திரம்" வேண்டாம், "வணக்கம்" போதும். "இப்போதைய" என்ற சொல்லை மட்டும் எங்கும் விட்டுவிடாதீர்கள். மெதடிஸ்ட் சபையில் பிஷப், மாநாட்டுத் தலைவர், டிஸ்ட்ரிக்ட் சூப்ரின்டென்டன்ட் எல்லாமே காலவரையறை உள்ள பொறுப்புகள். போன வருடக் கார்டைப் பார்த்து அடித்தால், பதவி முடிந்தவரைத் தலைவராகவும் தலைவரை வெறும் ரெவரண்டாகவும் போட்டுவிடுவீர்கள்.

சிக்கலில் பெரியது "பேராயர்". தமிழகத்து சி.எஸ்.ஐ., லூத்தரன் வழக்கில் பிஷப்பையே பேராயர் என்கிறார்கள், அந்த வழக்கு இங்கேயும் வந்திருக்கிறது. கத்தோலிக்கர்களுக்கு பிஷப் என்பவர் ஆயர், ஆர்ச்பிஷப்தான் பேராயர். ஒரே கார்டில் இரண்டு சபைத் தலைவர்களும் இருந்தால், வாசிக்கிற கத்தோலிக்கர் லூத்தரன் பிஷப்பை ஆர்ச்பிஷப் என்று நினைப்பார். கூட்டு விழாவில் தமிழ்க் கார்டிலும் பிஷப், ஆர்ச்பிஷப் என்றே போடுங்கள். அழகு கொஞ்சம் குறையும், குழப்பம் இருக்காது.

பினாங்கில் இன்னொன்று. அங்குள்ள ஆயர் செபஸ்தியான் பிரான்சிஸ் 2023 செப்டம்பர் 30 அன்று கர்தினால் ஆனார். அதன் பிறகும் அவர் பினாங்கு மறைமாவட்டத்தின் ஆயராகவே பணியைத் தொடர்ந்தார். கர்தினால் ஆனதால் அது உயர்மறைமாவட்டம் (ஆர்ச்பிஷப்பின் மறைமாவட்டம்) ஆகிவிடாது, அவரும் பேராயர் ஆகிவிடமாட்டார். கோலாலம்பூர் உயர்மறைமாவட்டம் என்பதால் அதன் தலைவர் பேராயர். பினாங்கு ஆயருக்குக் "கர்தினால் பேராயர்" என்று ஒட்டிப் போடுவது அடிக்கடி விழுகிற தவறு. நேரில் பேசும்போது ஆங்கிலத்தில் கர்தினாலுக்கு "யுவர் எமினென்ஸ்", ஆர்ச்பிஷப்புக்கு "யுவர் கிரேஸ்". தமிழில் "கர்தினால் அவர்களே", "பேராயர் அவர்களே" போதும்.

பாஸ்டரும் ரெவரண்டும் ஒன்றல்ல. மெதடிஸ்ட், லூத்தரன் சபைகளில் அபிஷேகம் (சபை முறைப்படி போதகராக ஏற்படுத்தும் சடங்கு) பெறாமல் ஒரு சபையைப் பார்த்துக்கொள்பவர் பாஸ்டர். அபிஷேகம் ஆன பிறகுதான் ரெவரண்ட். மரியாதை என்று நினைத்து எல்லாருக்கும் ரெவரண்ட் போட்டால், அந்த ஆளைத்தான் சங்கடத்தில் மாட்டிவிடுகிறீர்கள். "எல்டர்" இன்னும் வழுக்கும். மெதடிஸ்டில் அபிஷேகம் பெற்ற போதகர்களில் ஒரு நிலை அது. பெந்தெகொஸ்தே சபைகளில் வேலைக்குப் போய்க்கொண்டே சபைக் காரியம் பார்க்கும் மூப்பர். "பிரதர்" என்றால் கத்தோலிக்கர் வழக்கில் துறவற வாக்கு கொடுத்தவர். பினாங்கில் செயின்ட் சேவியர்ஸ் பள்ளியை நடத்திய லா சால் பிரதர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பிரதரன் சபையிலோ அது எல்லாருக்கும் பொது, அங்கே பாஸ்டர் என்று அழைத்தால் உடனே திருத்துவார்கள். அவர்களுக்குச் "சகோதரர் ஜான் அவர்கள்" என்று போடுங்கள். தமிழில் "அவர்கள்" என்பதே மரியாதையைச் சுமந்துவிடுகிறது.

ஆங்கிலிக்கனில் அடுக்கு அதிகம்: சாதாரணப் போதகர் ரெவரண்ட், கதீட்ரல் டீன் வெரி ரெவரண்ட், பிஷப் ரைட் ரெவரண்ட், ஆர்ச்பிஷப் மோஸ்ட் ரெவரண்ட், ஆர்ச்டீக்கன் வெனரபிள். இவை உறைக்கும் கார்டுக்கும்தான். வாயால் கூப்பிட "பிஷப்", "ஆர்ச்டீக்கன்" போதும். சிரியன் ஆர்த்தடாக்ஸ், மார்த்தோமா சபையிலிருந்து யாராவது வந்தால் போதகர் அச்சன், பிஷப் திருமேனி. கத்தோலிக்கக் குருக்களுக்குத் தரும் மொன்சிஞ்ஞோர் என்ற கௌரவப் பட்டம் அபூர்வம். 2014 முதல் மறைமாவட்டக் குருக்களில் 65 வயது தாண்டியவர்களுக்குத்தான் புதிதாகத் தருகிறார்கள் என்பதால் பட்டியலில் இளைஞர் யாருக்காவது அது இருந்தால் ஒரு முறை சரிபாருங்கள்.

பெயரின் எந்தப் பாதி பட்டத்தோடு சேரும் என்பது நம் நாட்டுக்கே உரிய தொல்லை. ஐசியில் (அடையாள அட்டையில்) "டேவிட் ஏ/எல் சாமுவேல்", அதாவது சாமுவேலின் மகன் டேவிட், என்று இருப்பவர் ரெவரண்ட் டேவிட். ரெவரண்ட் சாமுவேல் என்றால் அவருடைய அப்பாவை அழைக்கிறீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பேச்சாளர்கள் கடைசிப் பெயரைப் பிடித்துக்கொண்டு இந்தத் தவறைச் செய்வார்கள், முன்னாலேயே ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். சீனப் போதகருக்கு இதற்கு நேர்மாறு: லிம் என்பது குடும்பப் பெயர், முன்னால் வருகிறது, ரெவரண்ட் லிம் சரி. கத்தோலிக்கக் குருவானால் சீனரோ தமிழரோ ஞானஸ்நானப் பெயர்தான், ஃபாதர் ஸ்டீபன் என்பதுபோல.

மனைவியர் விஷயமும் இதோடு சேர்ந்தது. டத்தோ என்ற அரசு விருது பெற்றவரின் மனைவி டத்தின் ஆவதுபோல ரெவரண்டின் மனைவிக்குத் தானாக ஒரு பட்டம் வருவதில்லை. பேச்சில் பாஸ்டரம்மா, ஐயரம்மா என்பது அன்பு, அச்சில் திருமதி. ஆனால் மெதடிஸ்ட் சபையில் பெண்களும் அபிஷேகம் பெறுகிறார்கள். மனைவி போதகராக இருந்து கணவர் வங்கியில் வேலை செய்தால் "ரெவரண்ட் மேரி, திரு. ஜான்" என்று அவர் பெயரை முதலில் போடுங்கள். "பாஸ்டர் தம்பதி" என்று பொதுவாக எழுதித் தப்பிக்க வேண்டாம்.

டத்தோ, டான்ஸ்ரீ இருந்தால் புழக்கத்தில் உள்ள வரிசை: சபைப் பட்டம், அரசு விருது, கல்விப் பட்டம், பிறகு பெயர். பிஷப் டத்தோ டாக்டர் இன்னார். ரூமியில் எழுதும்போது கடைசியில் கே வரும் எழுத்துக்கூட்டலும் (Datuk) மேற்கோள் குறியோடு முடியும் எழுத்துக்கூட்டலும் (Dato') வேறு வேறு விருதுகள். தமிழில் இரண்டும் டத்தோதான், எனவே ரூமி வடிவத்தைத் தமிழிலிருந்து ஊகிக்காதீர்கள். ஒரு சபைப் பட்டம் என்ற விதி அரசு விருதைத் தடுக்காது, அது சட்டப்படி அவருடையது. ஆனால் ஆராதனை நிகழ்ச்சி நிரலில் அதைத் தவிர்க்கலாம் என்பது எங்கள் கருத்து. விருந்துக் கார்டில் இருக்கட்டும். வேதபாடம் வாசிக்க வருகிறவருக்கு டான்ஸ்ரீ எதற்கு? யாக்கோபு 2:2-3 பொன்மோதிரக்காரருக்கு நல்ல இருக்கை கொடுப்பதைப் பற்றி நேராகவே பேசுகிறது.

இனி கசப்பான பகுதி. டாக்டர், அப்போஸ்தலர், தீர்க்கதரிசி. கௌரவ டாக்டர் பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போடுவதில்லை என்பது பல்கலைக்கழக உலகின் பொது மரபு. இறையியல் படிப்பில் எம்.டிவ். முதுகலைதான், டி.மின்., பிஎச்.டி. இரண்டும் டாக்டர். எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு என்று கேட்டாலே பாதிச் சந்தேகம் தீரும். பதில் வராவிட்டால் பாஸ்டர் என்று போட்டுவிடுங்கள், விளக்கம் சொல்ல வேண்டாம். அப்போஸ்தலர், தீர்க்கதரிசி என்பவை எபேசியர் 4:11-இல் வேலைகளாக வருகின்றன, அதைச் சபைகள் வெவ்வேறு விதமாக எடுத்துக்கொள்கின்றன. அவருடைய சொந்தச் சபையில் அப்படி அழைக்கட்டும். நாலு சபை சேரும் மேடையில் எல்லாரும் ஒத்துக்கொள்ளும் பாஸ்டர்தான் சரி. வருத்தப்படுவார்கள், தெரிந்ததுதான். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்த வருடம் இன்னும் மூன்று பேர் கேட்பார்கள்.

எம்.சி.க்கு ஒரே ஒரு விதி. முழுப் பட்டமும் பொறுப்பும் முதல் தடவை மட்டும், பிறகு சுருக்கம். "மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய, தேவனால் பயன்படுத்தப்படுகிற" என்று ஒவ்வொருவருக்கும் ஆரம்பித்தால், எட்டுப் பேருக்கு ஆளுக்கு 40 விநாடி வைத்தாலும் 5 நிமிடத்துக்கு மேல் போய்விடும், பசங்கள் ஃபோனை எடுத்துவிடுவார்கள். "லூத்தரன் சபையின் பிஷப் இன்னார் அவர்கள் ஜெபிப்பார்கள்" என்றால் முடிந்தது. ஜெபத்துக்குள் மரியாதைப் பட்டம் வேண்டவே வேண்டாம். கத்தோலிக்கத் திருப்பலியின் நற்கருணை மன்றாட்டைக் கவனியுங்கள்: கோலாலம்பூரில் பேராயருக்கும்கூட, திருத்தந்தை லியோ, எங்கள் ஆயர் ஜூலியன் என்று வேலையின் பெயரும் ஒற்றைப் பெயரும் மட்டும் சொல்லி வேண்டுகிறார்கள். எமினென்ஸும் கிரேஸும் அங்கே நுழைவதில்லை.

ப்ரூஃப் வந்ததும் பெயர் வரிகளை மட்டும் படம் பிடித்து அந்தந்தச் சபை அலுவலகத்துக்கு அனுப்பி, "சரி" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். அப்படியும் பிழை அச்சாகிவிட்டால் மேலே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், பிழையையே விளம்பரம் செய்வதாகிவிடும். அவருக்கும் அவர் சபைச் செயலாளருக்கும் ஃபோன் செய்து சொல்லிவிட்டு, பேனரிலும் எம்.சி. குறிப்பிலும் திருத்துங்கள். மேடையில் தவறி அழைத்துவிட்டால் "மன்னிக்கவும், பாஸ்டர் டேவிட்" என்று அதே மூச்சில் திருத்திவிட்டு நிகழ்ச்சியைத் தொடருங்கள்.