ஓட்ஸைக் கப்பிலிருந்து கிராமுக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்து அடுக்களைகளில் நாழியும் உழக்கும் டம்ளரும் இன்றும் புழங்குகின்றன. அரிசியும் உளுந்தும் மணியாக இருப்பதால், யார் அளந்தாலும் எடை பெரிதாக மாறுவதில்லை. ஓட்ஸோ அவலைப் போலத் தட்டையானது; இதழ்களுக்கு இடையே காற்று நிற்பதால் ஒரே பாத்திரம் அளப்பவரின் கைக்கேற்ப வெவ்வேறு எடையைத் தரும்.

மில்லிலிட்டரையே கிராமாகக் கொள்வதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. 240 மில்லி கப்பில் தண்ணீர் 240 கிராம் நிற்கும். அவலைப் போலத் தட்டையாக்கிய ரோல்டு ஓட்ஸ் 80 முதல் 90 கிராம்தான் நிற்கும். கப்பில் அச்சிட்ட எண்ணை நம்பி 240 கிராம் போட்டால், ஏறத்தாழ மூன்று மடங்கு ஓட்ஸ் விழுந்துவிடும். ஓட்ஸின் வகையைப் பாராமல் விடுவது அடுத்த தவறு. நொய்யைப் போல வெட்டிய ஸ்டீல் கட் ஓட்ஸ் அதே கப்பில் சுமார் 160 கிராம் இருக்கும். 40 கிராம் வேண்டுமென்றால், ரோல்டு ஓட்ஸில் அரைக் கப்பும் ஸ்டீல் கட்டில் கால் கப்பும் எடுக்க வேண்டும்.

நிரப்பும் முறையை நான் தராசில் வைத்தே பார்த்தேன். கரண்டியால் மெல்லச் சொரிந்து, மேற்புறத்தைக் கத்தியால் வழித்தபோது 82 கிராம் காட்டியது. அதே கப்பை டப்பாவுக்குள் முக்கி, மேடையில் இரண்டு தட்டுத் தட்டி, மீண்டும் நிரப்பியபோது 97 கிராம் ஆனது. டப்பாவின் அடியில் தங்கும் தூள் இன்னும் கனமாக நிற்கும்.

இந்த வேறுபாடு கஞ்சியில் தெரியாது. புட்டில் உடனே தெரிந்துவிடும். ஒரு கப் ஓட்ஸைப் பொடித்தால் முக்கால் கப் அளவே மாவு வரும், எடை மட்டும் மாறாது. இதை எண்ணாமல், ஒரு கப் மாவுக்குரிய தண்ணீரை நான் ஒருநாள் அப்படியே தெளித்துவிட்டேன். பிடித்தால் பிடியும், உதிர்த்தால் உதிரும் பதத்துக்கு வர வேண்டிய மாவு குழைந்து, புட்டுக்குழாயில் ஆவி மேலேறாமல் களியாக நின்றது. ஆகவே குறிப்பில் இருப்பது 'ஒரு கப் ஓட்ஸ் மாவா', 'ஒரு கப் ஓட்ஸைப் பொடித்ததா' என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை நோய்க்காக அளந்து உண்பவர்கள், உலர்ந்த எடையையும் வெந்த எடையையும் கலக்கக் கூடாது. உலர்ந்த ஓட்ஸ் 100 கிராமில் சுமார் 380 கலோரி உண்டு. தண்ணீரில் வெந்த கஞ்சி 100 கிராமில் 70 அளவே இருக்கும்.

வீட்டு டம்ளரைக் கப் என்று கொள்வதையும் விட்டுவிடலாம். தராசில் டம்ளரை வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் காட்டும் கிராமே அதன் மில்லி கொள்ளளவு. எங்கள் எவர்சில்வர் டம்ளர் 200 காட்டியது. அதைத் துடைத்து உலர்த்தி, ஓட்ஸை மெல்லச் சொரிந்து வழித்தபோது 68 கிராம் நின்றது. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி ஓட்ஸ் டப்பாவின் மூடியில் ஒட்டிவைத்திருக்கிறேன்.