உமிச் சிலிக்காவின் பரப்பில் ஒட்டிய நீர்: மட்டக்களப்பின் ஈரக்காற்றில் நிறமாலை எடுத்துக் கலந்துரையாடலுக்குக் கொண்டுபோவது எப்படி

பரப்புகளில் மூலக்கூறுகள் அதிர்வது பற்றிப் பேசக் கூடும் எந்தக் கூட்டத்திலும் முதலில் வந்து விழுகிற கேள்வி ஒன்றுதான்: "இந்த உச்சம் பரப்பில் இருப்பதுதான், உள்ளே இருப்பதல்ல என்பதற்கு என்ன ஆதாரம்?" நிறமாலை துப்புரவாக இருக்கிறது என்பது இதற்குப் பதில் ஆகாது. கேள்வி வருமுன்பே பதிலைத் தயார்பண்ணும் முறையைக் கீழே தருகிறோம். வேண்டியவை வைர ஏ.ரி.ஆர் (பளிங்கின் மேல் அழுத்திய மாதிரியைப் பளிங்குக்குள் தெறிக்கும் கதிரால் அளக்கும் பாகம்) பொருத்திய ஒரு எஃப்.ரி.ஐ.ஆர் கருவி (செங்கீழ் நிறமாலை எடுப்பது), ஒரு மஃபிள் உலை (உயர் வெப்பநிலைக்கு ஏற்றக்கூடிய மூடிய உலை), கொஞ்சம் நெல் உமி, சில ஜாம் போத்தல்கள்.

முதலில் கணக்கு. வைரப் பளிங்கில் 45 பாகையில் விழும் செங்கீழ்க் கதிர், 1000 செ.மீ⁻¹ அலையெண்ணில் மாதிரிக்குள் ஏறத்தாழ 2 மைக்ரோமீற்றர் ஆழத்துக்குப் போகிறது. ஒற்றை நீர்ப்படலத்தின் தடிப்போ 0.3 நனோமீற்றர் அளவுதான். தட்டையான கண்ணாடித் துண்டை வைத்தால் பரப்பின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட வராது. ஆகவே கிராமுக்கு நூற்றுக்கணக்கான சதுர மீற்றர் பரப்புள்ள தூள் வேண்டும். அமிலத்தில் கழுவி எரித்த உமிச் சிலிக்கா கிராமுக்கு 200 சதுர மீற்றர் அளவில் நிற்கும். முழுதாக நீரேறிய சிலிக்காப் பரப்பில் சதுர நனோமீற்றருக்கு ஏறத்தாழ 5 சிலனோல் கூட்டங்கள் (சிலிக்கனோடு இணைந்த ஓ–எச்) இருக்கும். அப்படிப் பார்த்தால் கிராமுக்கு 1.5 மில்லிமோலுக்கு மேல். இது அளக்கக்கூடிய தொகை.

உமியைத் தெரிவுசெய்வதில் கவனம் வேண்டும். பழைய இரும்பு ஹலரில் குற்றிய உமி தவிட்டோடு கலந்து தூளாகிவிடும்; அது வேண்டாம். றப்பர் உருளை ஆலையில் முழுதாக வரும் உமியை எடுங்கள். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் நெல்லைத் தெருவில் பரப்பிக் காயவைப்பது வழமை என்பதால் மணலும் கூடவே வரும். மணல் குவாட்சு, நிறமாலையில் 798, 779 செ.மீ⁻¹ என்று இரட்டை உச்சமாகத் தலைகாட்டி, சிலிக்காவின் 800 பட்டையைக் குழப்பிவிடும். வாளியில் போட்டுக் கலக்கினால் உமி மிதக்கும், மணல் அடியில் தங்கும். நாலு தண்ணீர் மாற்றுங்கள்.

காய்ந்த உமி 20 கிராமுக்கு 1 மோலர் ஐதரோகுளோரிக்கமிலம் 200 மி.லீ ஊற்றி, புகைக்கூண்டுக்குள் 90 பாகை செல்சியசில் 2 மணித்தியாலம் வையுங்கள். நேரம் போகிறதே என்று இந்தப் படியை விட்டுவிடுபவர்கள்தான் பிறகு சாம்பல் நிறத் தூளோடு நிற்பார்கள். உமியில் உள்ள பொற்றாசியம் சிலிக்காவை முன்கூட்டியே இளக்கிவிடும். இளகிய சிலிக்கா எரியாத காபனை உள்ளே சிறைப்பிடிக்கும், துளைகளும் மூடிக்கொள்ளும். அமிலம் அந்தப் பொற்றாசியத்தை வெளியே எடுத்துவிடும். பிறகு காய்ச்சி வடித்த நீரால் கழுவுங்கள். கழுவிய நீரில் ஒரு துளி வெள்ளி நைத்திரேற்று விட்டால் பால்போலக் கலங்கக்கூடாது. 110 பாகையில் இரவு முழுக்க உலர்த்தி, போசலின் கிண்ணத்தில் மெல்லிய படையாகப் பரப்பி, நிமிடத்துக்கு 5 பாகை வீதம் 600 பாகைக்கு ஏற்றி 4 மணித்தியாலம் வையுங்கள். காற்றுப் போய்வர வழி இருக்கட்டும். 3 முதல் 4 கிராம் வெள்ளைத் தூள் கிடைக்கும். வெள்ளை போதவில்லை என்று 900 பாகைக்கு ஏற்றாதீர்கள். பரப்பு சுருங்கிவிடும், கிறிஸ்ரபலைற்றுப் பளிங்கும் உருவாகலாம். 620 அருகே கூரான உச்சம் தெரிந்தால் அதுதான். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

இனி அறை. வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற ஊரில் எஃப்.ரி.ஐ.ஆர் கருவிக்குப் பெரிய எதிரி, நேரம் தவறி நிறுத்தப்படும் ஏசிதான். பகலில் குளிர்ந்த கருவியின் மேல், இரவு ஏசி நின்றபின் உள்ளே வரும் ஈரக்காற்று படிகிறது. கதிர்பிரிப்பான் பொற்றாசியம் புரோமைட்டால் ஆனது. ஈரம் பட்டால் மங்கும், மங்கினது திரும்பாது. கருவிக்கு எப்போதும் மின் கொடுத்து வையுங்கள். உள்ளேயே கொஞ்சம் சூடு இருக்கும். மின்வெட்டு நீண்டால் மூடி உறைபோட்டு, உள்ளே உலர்த்தும் சிலிக்கா ஜெல் பை வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் 120 பாகையில் 3 மணித்தியாலம் சூடாக்கினால் மீளும். மூலக்கூற்றுச் சல்லடை என்ற மற்ற உலர்த்திக்கு அது போதாது. 250 பாகைக்கு மேல் வேண்டும். நாள் தெரிவு உங்கள் கையில் இருந்தால், கச்சான் (வறண்ட தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் பிற்பகல் நேரத்தைப் பிடியுங்கள். மாரியில் வெளிக்காற்றின் ஈரப்பதன் 80 வீதத்தைத் தாண்டுவது சாதாரணம்.

நைதரசன் உருளை இல்லாவிட்டால், மீன்தொட்டிப் பம்பு ஒன்றின் காற்றை முதலில் சோடாச் சுண்ணாம்புக் குழாயூடாகவும், அடுத்து 30 செ.மீ நீளச் சிலிக்கா ஜெல் குழாயூடாகவும் விட்டு, ஏ.ரி.ஆர் தலையைச் சுற்றிக் கட்டிய பொலித்தீன் பைக்குள் செலுத்துங்கள். வரிசை மாறக்கூடாது: சோடாச் சுண்ணாம்பு காபனீரொட்சைட்டை எடுக்கும், ஆனால் தானே ஈரம் விடும். அந்த ஈரத்தைப் பின்னால் இருக்கும் ஜெல் பிடித்துக்கொள்ளும்.

பிரிதிறன் 4 செ.மீ⁻¹, 64 வருடல்கள். வருடலை நாலு மடங்காக்கினால் இரைச்சல் பாதியாகத்தான் குறையும். அதற்குள் காற்றின் ஈரமும் மாறிவிடும் என்பதால் 256 என்று போவதில் இங்கே இலாபமில்லை. 15 நிமிடத்துக்கு ஒரு தடவை வெறும் பளிங்குப் பின்னணியைப் புதிதாக எடுங்கள். சிலிக்காவுக்கு வைரம் மட்டும்தான். நாகச் செலினைட்டு (ZnSe) பளிங்கில் இந்தத் தூளை அழுத்தினால் கீறல் நிச்சயம். பொற்றாசியம் புரோமைட்டு வில்லை முறையும் இந்த வேலைக்கு உதவாது: புரோமைட்டு தானே காற்றிலிருந்து நீரை இழுத்து, நாம் தேடுகிற 3400, 1630 இரண்டு இடத்திலும் உச்சம் காட்டும்.

மாதிரி வைக்குமுன் வெறும் பளிங்கை ஒருமுறை அளந்து பாருங்கள். 2920, 2850 தெரிந்தால் கைநெய். 1260இல் கூரான உச்சமும் அதனோடு 2960உம் வந்தால் உலர்த்திச் சாடியின் மூடிக்குப் பூசுகிற சிலிக்கோன் கிரீஸ். இதை எத்தனையோ பேர் "புதிய பரப்புக் கூட்டம்" என்று எழுதியிருக்கிறார்கள். 1715 என்றால் கழுவின அசற்றோன் இன்னும் போகவில்லை.

இதைவிட நுட்பமான பொறி 3745இல் இருக்கிறது. தனித்து நிற்கும் சிலனோலின் ஓ–எச் நீட்சி அங்கேதான், கூரிய ஊசியாக வரும். ஆனால் காற்றிலுள்ள நீராவிக்கும் 3752, 3735 என்று ஊசிகள் உண்டு. திறந்த அறையில் வைத்த தூளில் சிலனோல்கள் நீரால் மூடப்பட்டிருப்பதால் அந்தத் தனி ஊசி தெரியவே கூடாது. வெற்றிடத்தில் 400 பாகை அளவுக்குச் சூடாக்கினால்தான் அது துலங்கும். ஆகவே 3745 அருகே ஏதாவது கண்டால், உடனே 3854, 1653, 1559 ஆகிய இடங்களையும் பாருங்கள். அங்கேயும் ஊசிகள் இருந்தால் நீங்கள் அளந்தது அறைக்காற்றை.

இப்போது பரிசோதனையின் மையம். ஒரே தூளைப் பல ஈரப்பதன்களில் வைத்து அளக்கவேண்டும். வாயகன்ற ஜாம் போத்தல்களுக்குள் உப்புக் கரைசல் வைத்தால் உள்ளே ஈரப்பதன் தானே நிலையாக நிற்கும்: 25 பாகையில் மகனீசியம் குளோரைட்டு 33 வீதம், பொற்றாசியம் காபனேற்று 43, சாப்பாட்டு உப்பு 75. கரையாத உப்பு எப்போதும் அடியில் தெரியவேண்டும்; தெளிந்த கரைசல் என்றால் அந்த எண் பொய். ஒவ்வொன்றிலும் 50 மி.கி தூளைச் சிறு கண்ணாடித் தட்டில் 24 மணித்தியாலம் வையுங்கள். நாலாவது மாதிரியாக 200 பாகையில் 2 மணித்தியாலம் உலர்த்தியது ஒன்று, ஐந்தாவதாக அறையில் திறந்து வைத்தது ஒன்று. 200 பாகையில் பரப்பில் ஒட்டிய நீர் போய்விடும், சிலனோல் பெரும்பாலும் தங்கும்.

எடுத்து ஒரு நிமிடத்துக்குள் பளிங்கில் வைத்து அழுத்துங்கள். உலர்ந்த மாதிரிக்கு மட்டும் உலர்காற்றுப் பை; 75 வீதத்தில் இருந்ததை உலர்காற்றில் அளந்தால் அளக்கும்போதே நீர் பறந்துவிடும். அழுத்தும் விசை எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்கட்டும். அப்படியிருந்தும் தொடுகை மாறும். ஆகவே சிலிக்காவின் 800 பட்டை சமமாகும்வரை ஒவ்வொரு நிறமாலையையும் ஒரு காரணியால் பெருக்கி, பிறகு உலர்ந்ததைக் கழியுங்கள். மிஞ்சுவது நீர்: 1630இல் வளைவு அதிர்வு, 3000 முதல் 3600 வரை அகன்ற நீட்சிப் பட்டை. 1630 உச்சத்தின் கீழுள்ள பரப்பளவை ஈரப்பதனுக்கு எதிரே வரையுங்கள்.

அகன்ற பட்டையின் உருவத்தை வாசிப்பதில் நிதானம் வேண்டும். தட்டையான சிலிக்கன் ஒட்சைட்டில் அசே, கிம் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2005இல் காட்டியது, குறைந்த ஈரப்பதனில் 3230 அருகே பனிக்கட்டி போன்ற ஒழுங்கான பிணைப்பும், ஈரம் கூடக் கூட 3400 அருகே திரவ நீரும். உமிச் சிலிக்கா அப்படியல்ல. அதன் துளைகளில் 75 வீதத்தில் நீர் ஒடுங்கித் தேங்கிவிடும். அது படலம் அல்ல, துளை நிறைந்த திரவம். அவர்களின் விளக்கத்தை அப்படியே தூக்கிவந்து ஒட்டினால் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

கடைசி ஆதாரம் பார நீர் (ஐதரசனுக்குப் பதில் டியூற்றீரியம் உள்ள நீர்). உலர்த்திய தூளை மூடிய போத்தலில் பார நீர் அரை மி.லீ ஆவியோடு 2 மணித்தியாலம் விடுங்கள். பரப்பில் எட்டக்கூடிய ஓ–எச் எல்லாம் ஓ–டீ ஆக மாறி, 3400 பகுதியிலிருந்து 2500 பகுதிக்கு இறங்கும். தனிச் சிலனோல் என்றால் 3745இலிருந்து 2760க்கு. உள்ளே அடைபட்ட ஓ–எச் மாறாமல் பழைய இடத்திலேயே நிற்கும். முதல் கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான். இதற்கு உலர்காற்றுப் பை கட்டாயம். இங்குள்ள காற்று சில நிமிடத்தில் டியூற்றீரியத்தைத் திரும்ப மாற்றிவிடும்.

கூட்டத்துக்கு வருவோம். பரடே கலந்துரையாடல்கள் என்ற இரசாயனவியல் கூட்டத் தொடரில் கட்டுரைகள் முன்கூட்டியே எல்லார் கையிலும் போய்விடும். எழுதியவர் ஐந்து நிமிடம் பேசுவார், மிச்ச நேரம் கேள்விகளுக்கு. கேள்வியும் பதிலும் பதிவாகிக் கட்டுரையோடு அச்சாகும். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ இருபது பேர் கூடினாலும் இந்த முறை நன்றாகவே ஓடும். ஒரு கிழமைக்கு முன் இரண்டு பக்கம் அனுப்புங்கள். படத்தில் அலையெண் இடமிருந்து வலமாகக் குறையட்டும். மழுப்பிய வளைகோடு வேண்டாம், மூல நிறமாலையே இருக்கட்டும். கழித்த காரணி, பிரிதிறன், வருடல் எண்ணிக்கை, அறையின் ஈரப்பதன் நாலையும் படத்தின் கீழே எழுதுங்கள். ஏ.ரி.ஆர் என்பதையும் மறக்காமல் போடுங்கள்: வில்லையில் 1100இல் வரும் சிலிக்கன்–ஒட்சிசன் பட்டை இதில் கீழே இறங்கித் தெரியும், இரசாயன மாற்றம் என்று யாராவது பிடித்துக்கொள்வார்கள்.

கேள்விகளை எழுத ஒருவரைத் தனியாக இருத்துங்கள். தலைமை தாங்குபவரால் இரண்டும் முடியாது. கூட்டு அதிர்வெண் நிறமாலையில் ஏன் பார்க்கவில்லை என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். 1987இல் ஷென் குழுவினர் தொடக்கிய அந்த முறையில் இரண்டு லேசர் கதிர்கள் சேர்ந்து தரும் சைகை, சமச்சீருள்ள உட்பகுதியில் எழாது, எல்லையில் மட்டும் எழும். அதற்குத் தட்டையான பரப்பும் விலைகூடிய லேசரும் வேண்டும். ஒளியைச் சிதறடிக்கும் தூளில் அது பெரிதாக எடுபடாது. தூளுக்குப் பார நீர்ப் பரிமாற்றமே போதும் என்று சொல்லி, கழித்த நிறமாலையைத் திரையில் போடுங்கள்.