மாதிரி றெயில் இஞ்சின் இழுக்கவில்லையா? கழற்ற முன் மறித்துப் பாருங்கள்

தனியே விட்டால் பறக்கிறது, நாலு பெட்டி கொழுவினால் நின்ற இடத்திலேயே நிற்கிறது. உடனே மோட்டரில் கை வைக்க வேண்டாம். இஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து, அரைவாசி வேகம் கொடுத்து, முன்னால் விரலால் மறியுங்கள். சில்லுகள் வழுக்கிச் சுழன்றால் மோட்டரும் பற்சில்லும் நலம், குறை பிடிமானத்தில். மோட்டர் இரைந்துகொண்டிருக்கச் சில்லு நின்றால் பற்சில்லு வெடித்திருக்கிறது, அல்லது அச்சில் நழுவுகிறது. எல்லாமே நின்று மோட்டர் முனகினால் மின்சாரம் போதவில்லை, அல்லது மோட்டரே தளர்ந்துவிட்டது. இரண்டு மூன்று விநாடிக்கு மேல் மறிக்க வேண்டாம், சுருள் கருகும்.

வன்னியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது வழுக்கலைத்தான். ஆடிக் காற்றில் பறக்கும் செம்மண் தூசி சாத்திய ஜன்னலுக்குள்ளாலும் வரும். அச்சில் கூடுதலாக விட்ட ஒயிலோடு சேர்ந்து கறுப்புப் பசையாகத் தண்டவாளத்தில் படியும். ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த பருத்தித் துணியால் தண்டவாளத்தையும் சில்லுகளையும் துடையுங்கள். எண்ணெய் கலந்த ஸ்பிரிட் காய்ந்தபின் படலம் விடும், அதை வாங்காதீர்கள். சான்ட் பேப்பரும் ஆகாது. அது போடும் கீறல்களுக்குள் அழுக்கு இன்னும் இறுக்கமாக ஏறும்.

சில இஞ்சின்களில் ஒன்றிரண்டு சில்லுக்கு றப்பர் வளையம் இருக்கும். எங்கள் வெக்கையில் அது இறுகிப் பளபளத்துவிடும், அல்லது தளர்ந்து கழன்றுவிடும். நகத்தால் அமத்திப் பாருங்கள். மெத்தென்று உள்வாங்காவிட்டால் மாற்றுங்கள். பழையதை ஊசியால் நெம்பி எடுத்து, பள்ளத்தை அல்ககோலால் துடைத்து, அதே அளவுப் புது வளையத்தைப் பசை இல்லாமல் மாட்டினால் போதும்.

எவ்வளவு இழுக்கிறது என்பதைக் கண்ணால் மதிக்க வேண்டாம், தண்ணீரால் அளக்கலாம். இஞ்சினின் கொக்கியில் தங்கூசி நூலைக் கட்டுங்கள். மேசை ஓரத்தில் ஆணியில் கொழுவிய தையல் மெசின் பொபினுக்கு மேலால் நூலை விட்டு, மறுமுனையில் வெறும் யோகட் கப்பைத் தொங்கவிடுங்கள். நூல் கொக்கி உயரத்திலேயே மட்டமாக வரவேண்டும். இஞ்சின் ஓரத்தைவிட்டு விலகி ஓட, ஒவ்வொரு தடவையும் சிரிஞ்சால் 5 மில்லிலீற்றர் தண்ணீர் ஊற்றுங்கள். சில்லு வழுக்கி இஞ்சின் நிற்கும்போது கப்பில் உள்ள தண்ணீர் மில்லிலீற்றருக்கு ஒரு கிராம். அதோடு கப்பின் எடையையும் கூட்டினால் அதுதான் இழுவை. றப்பர் வளையம் இல்லாத இஞ்சின் தன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றை இழுக்கும். 300 கிராம் இஞ்சினுக்கு 60 கிராம் வந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. 40 என்றால் எங்கோ இழக்கிறீர்கள்.

அந்த இழப்பைக் கண்ணாடித் துண்டில் பிடிக்கலாம். இஞ்சினை அதன்மேல் வைத்து, மோட்டர் சுழற்றும் ஒவ்வொரு ஓட்டுச் சில்லின் கீழும் மெல்லிய தாளைச் செருகிப் பாருங்கள். தாள் தடையில்லாமல் போகும் சில்லு எடையைத் தாங்கவில்லை. நீராவி இஞ்சினில் முன் சிறுசில்லுகளின் ஸ்பிறிங் கடுமையாக இருந்தால் அது ஓட்டுச் சில்லுகளையே தூக்கிவிடும். ஸ்பிறிங்கைத் தளர்த்துங்கள்.

எடை கூட்ட, மீன்வலைக்கு விற்கும் ஈயம் முல்லைத்தீவுப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். ஓட்டுச் சில்லுகளுக்கு நேர் மேலே வையுங்கள், அராவ வேண்டாம், தொட்டபின் கை கழுவுங்கள். ஆனால் 30 கிராம் ஈயத்துக்குக் கிடைப்பது 6 கிராம் இழுவைதான். எடை ஏற்றியபின் முழு வேகத்தில் ஒரு கணம் மறித்தாலும் சில்லு வழுக்க வேண்டும். வழுக்காமல் மோட்டர் நின்றால் எடை மிஞ்சிவிட்டது.

பெட்டிகளையும் பாருங்கள். 1 மீற்றர் பலகையின் ஒரு முனையை 2 சென்ரிமீற்றர் உயர்த்தினால் பெட்டி தானாக உருள வேண்டும். அப்படி உருளும் 140 கிராம் பெட்டி ஐந்துக்குச் சமதரையில் 14 கிராம் இழுவை போதும். மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் ஏற்றத்தில், அந்த 300 கிராம் இஞ்சினின் சொந்த எடையும் சேர, 34 கிராம். 4 சென்ரிமீற்றர் ஏற்றத்தில் 54. வளைவும் சேர்ந்தால் அதே நல்ல இஞ்சின் திணறும். வவுனியாவுக்கு வடக்கே, முறிகண்டி, கிளிநொச்சி வழியாகப் போகும் உண்மையான பாதையே பெரும்பாலும் சமதரைதான். அதில் ஓடும் யாழ்தேவி றெயிலை மேசையில் ஓட்டுகிறவர்கள் மலை கட்டத் தேவையில்லை.

தூரத்து மூலையில் மட்டும் சோர்ந்தால் மின்சாரத்தைப் பாருங்கள். மோட்டர்சைக்கிள் சிக்னல் பல்ப், 12 வோல்ற் 10 வாற், அந்த மூலையில் எரிய, கொன்ரோலர் பக்கமும் அங்கேயும் வோல்ற்மீற்றர் வையுங்கள். ஒரு வோல்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் தண்டவாள இணைப்புகள் மாரி ஈரத்தில் களிம்பேறியிருக்கலாம். இணைப்புகளை நம்பாமல் கொன்ரோலரிலிருந்து தண்டவாளத்துக்கு ஒன்றரை மீற்றருக்கு ஒரு சோடி வயர் சோல்டர் பண்ணுங்கள்.

வெடித்த பிளாஸ்ரிக் பற்சில்லைப் பசை தாங்காது, மாற்றத்தான் வேண்டும். புதியதுக்குப் பிளாஸ்ரிக்கை அரிக்காத கிறீஸ் கடுகளவு, அச்சுக்கு ஊசிமுனையால் ஒரு துளி ஒயில். தேங்காய் எண்ணெய் தூசியோடு பிசினாகிவிடும். பழைய திறந்த மோட்டர் சூடாகி, கூடுதல் அம்பியர் இழுத்து, வேகம் இருந்தும் பலம் இல்லாவிட்டால் காந்தம் தளர்ந்திருக்கிறது. அந்தக் காலத்து அல்னிக்கோ காந்தத்தைக் கழற்றினால் இரு முனையையும் உடனே இரும்புத் துண்டால் இணைத்து வையுங்கள். வெறுமனே கிடந்தால் மிச்சப் பலமும் போய்விடும்.