மருந்துக்குப் பிறகு மிஞ்சும் புற்றுநோய் ஸ்டெம் செல்களை எண்ணுவது எப்படி?

கட்டி சுருங்கியதை மட்டும் வைத்து ஒரு மருந்தை மெச்சிவிடக் கூடாது. கட்டியை மறுபடி முளைக்க வைக்கும் செல்கள், அதாவது புற்றுநோய் ஸ்டெம் செல்கள், எத்தனை மிஞ்சின என்று பார்க்க வேண்டும். 2003இல், மார்பகப் புற்றிலிருந்து பிரித்த, சிடி44 உள்ள, சிடி24 குறைந்த (இரண்டும் செல்லின் மேற்பரப்பில் உள்ள அடையாளப் புரதங்கள்) சில நூறு செல்களே எலியில் கட்டியை வளர்த்தன. அத்தகைய செல்களை ஆய்வகத்தில் எண்ண நான் நம்புவது நீர்த்தல் முறை உருண்டைச் சோதனையைத்தான்: குழிக்கு வெவ்வேறு எண்ணிக்கையில் செல்களை இட்டு, எத்தனை குழிகளில் செல் உருண்டை வளர்கிறது என்று பார்ப்பது. செல் வளர்ப்பில் கை பழகியவர்களுக்காக எழுதுகிறேன்.

1. மருந்து கொடுத்த செல்களை நன்றாகக் கழுவி, தனிச் செல்களாகப் பிரியுங்கள். செல்களைப் பிரிக்கும் நொதிகளில் ட்ரிப்சினைவிட அக்குடேஸ் மென்மையானது. எனக்கு அதுவே பிடிக்கும். 40 மைக்ரான் சல்லடையில் வடிகட்டி, இறந்த செல்களுக்கு மட்டும் நிறமேற்றும் ட்ரிபான் நீலம் கலந்து உயிருள்ளவற்றை மட்டும் எண்ணுங்கள்.

2. செல் ஒட்டாத 96 குழித் தட்டில், சீரம் இல்லாத ஊடகத்தில், குழிக்கு 1, 10, 30, 100 செல்கள் என ஒவ்வோர் அளவுக்கும் 24 குழிகள். மருந்து படாத செல்களுக்குத் தனித் தட்டு.

3. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். தட்டை அடிக்கடி எடுத்துப் பார்த்தால் செல்கள் குழியின் நடுவில் குவிந்து ஒட்டிக்கொள்ளும். அது ஒரே செல்லிலிருந்து வளர்ந்த உருண்டை போலவே தெரியும். சந்தேகம் இருந்தால் சிவப்பு, பச்சை ஒளிரும் செல்களைக் கலந்து விதையுங்கள். ஓர் உருண்டையில் இரு நிறமும் தெரிந்தால் அது ஒட்டிய கூட்டம். அந்த எண்ணிக்கையை நம்பாதீர்கள். குழிக்கான செல் அளவைக் குறைத்து மறுபடி தொடங்குங்கள்.

4. ஏழு முதல் பத்து நாளில், உருண்டையே இல்லாத குழிகளை எண்ணுங்கள். சுமார் 37 விழுக்காடு குழிகள் வெறுமையாக இருக்கும் அளவில், குழிக்குச் சராசரியாக ஒரு ஸ்டெம் செல் உண்டு. 100 செல் இட்ட 24 குழிகளில் 9 வெறுமை என்றால், விகிதம் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. எல்லா அளவுகளையும் சேர்த்துக் கணக்கிட எல்டா (ELDA) என்ற இலவச இணையக் கருவி போதும்.

5. விகிதத்தோடு நிற்காதீர்கள். ஒரு லட்சம் செல்லில் நூற்றுக்கு ஒன்று என்றால் ஆயிரம் ஸ்டெம் செல்கள். மருந்துக்குப் பின் பத்தாயிரம் மிஞ்சி, விகிதம் பத்துக்கு ஒன்றானால் அப்போதும் ஆயிரம்தான். தொண்ணூறு விழுக்காடு செல்கள் மடிந்தும் ஸ்டெம் செல் கணக்கு அசையவில்லை.

பின்சேர்க்கை: சிடி133 போன்ற மேற்பரப்பு அடையாளப் புரதத்தை மட்டும் அளந்தால் போதாதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். போதாது. அடையாளம் வேறு, வளரும் திறன் வேறு. திறனை அளக்கும்போதுகூடச் சூழல் விடையை மாற்றும்: 2008இல், நோயெதிர்ப்பு மேலும் குன்றிய எலிகளில் மெலனோமா என்ற தோல் புற்றின் செல்களை இட்டபோது ஏறக்குறைய நான்கில் ஒன்று கட்டியானது. முந்தைய எலிகளில் அது மிக அரிதாகவே தெரிந்தது. ஆகவே முடிவை எழுதும்போது ஊடகம், தட்டு, நாள் கணக்கு மூன்றையும் உடன் குறியுங்கள்.