செட்டிநாட்டு வீட்டில் ஒரு கொலை: மாந்திரீக மர்ம காமிக்ஸ் வரைவது எப்படி

பேய் பங்களா கதை என்றதும் பலரும் முதலில் வரைவது வௌவாலும் முழு நிலாவும்தான். அதெல்லாம் அப்புறம். கொலை மர்மத்துக்கு முதலில் வேண்டியது வீட்டின் வரைபடம். யார் எந்த அறையில் இருந்தார், அங்கிருந்து எது தெரியும், எந்தக் கதவு பூட்டியிருந்தது என்று வாசகர் படத்தைப் பார்த்தே கணக்குப் போட வேண்டிய கதை இது. மூன்றாம் பக்கத்தில் இடப்பக்கம் இருந்த கதவு பத்தாம் பக்கத்தில் வலப்பக்கம் போய்விட்டால் அவ்வளவுதான், கவனித்துப் படிக்கிறவர் புத்தகத்தை மூடிவிடுவார்.

எந்த வீட்டை வரைவது? செட்டிநாட்டு வீட்டை வரையுங்கள் என்பேன். காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் ஒரு தெருவில் தலைவாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் வீடுகள் இருக்கின்றன. திண்ணை, முகப்பு, வானம் பார்த்த வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். வாசல்கள் நேர்வரிசையில் இருப்பதால் தலைவாசலில் நின்றால் பின்வாசல் வரை பார்வை ஓடும். முகப்பில் உட்கார்ந்திருந்தவர் "குறுக்கே யாரும் போகலையே" என்று சொன்னால், ஒன்று அவர் பொய் சொல்கிறார், இல்லை கொலை செய்தவர் வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்றில் ஏற்கனவே இருந்தார். அந்த அறைகள் குடும்பத்து மகன்களுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தவை, சாவியும் அவரவரிடம்தான். பூட்டிய அறை மர்மத்தை வீடே எடுத்துக் கையில் கொடுக்கிறது.

காலத்தையும் சும்மா தேர்ந்தெடுக்காதீர்கள். 1947 தை மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது அங்கே வட்டிக்கடையும் வயலும் வைத்திருந்த நகரத்தார் (இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்கள்) பலர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். மிச்சம் இருப்பது இந்த வீடு மட்டும், அதில் பங்கு கேட்கப் பல பேர். கொலைக்குக் காரணம் தேடி வெளியே அலைய வேண்டாம்.

சரி, மாந்திரீகம். ஆவி நிஜமா இல்லையா என்பதை முதல் கட்டம் வரைவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். 1929இல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்கு எழுதிய பத்து விதிகளில் அமானுஷ்யத்துக்கு இடமே கிடையாது, ரகசிய அறை அல்லது வழி ஒன்றுக்கு மேல் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. நான் அவ்வளவு கறார் இல்லை. வீட்டில் ஏதோ இருக்கிறது என்ற பயம் கடைசி வரை இருக்கட்டும், ஆனால் கொலையை மனுஷன்தான் செய்திருக்க வேண்டும், அதை மனுஷ மூளைதான் கண்டுபிடிக்க வேண்டும். மை போட்டுப் பார்த்துக் கொலைகாரனின் பெயரைச் சொல்லிவிட்டால் அதுவரை யோசித்த வாசகரை ஏமாற்றிய மாதிரி. இன்னொன்று, மாந்திரீகரையே கொலைகாரராக்காதீர்கள். எல்லாரும் முதலில் அவரைத்தான் சந்தேகப்படுவார்கள், போதாததற்கு பாவம் அவர் கூலிக்கு வந்தவர்.

மாந்திரீகப் பொருள் ஒவ்வொன்றும் தடயமாகவும் வேலை செய்ய வேண்டும். ஒரு உதாரணம் முழுசாகச் சொல்கிறேன். வளவுத் தூண் ஒன்றில் காலையில் ரத்தக் கை அச்சு தெரிகிறது. செய்வினை என்று வீடே நடுங்குகிறது. மாந்திரீகர் வந்து கழிப்புக்காக எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தூணின் மேல் பிழிகிறார். சாறு வழிந்த இடத்தில் மட்டும் சிவப்பு மஞ்சளாகிவிடுகிறது. ரத்தம் அப்படி மாறாது. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும், புளிப்பு பட்டால் திரும்ப மஞ்சளாகும். ஆரத்தி கரைத்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். இப்போது வரைபடத்துக்கு வாருங்கள். அரைத்த மஞ்சள் இருப்பது கடைசிக் கட்டு அடுப்படி அம்மியில். சுண்ணாம்பு டப்பா இருப்பது முகப்பில், வெற்றிலைத் தட்டில். இரண்டையும் எடுத்தவர் ராத்திரி வீட்டின் முழு நீளத்தையும் நடந்திருக்க வேண்டும். அப்படி நடந்து போனாலும் யாரும் ஏன் என்று கேட்காத ஆள் யார்? அவர்தான்.

இதை வசனத்தில் சொல்லிவிடாதீர்கள், படத்தில் வையுங்கள். மூன்றாம் பக்கத்தில் பெரியவர் ஏதோ காரசாரமாகப் பேசும்போது முன்னால் வெற்றிலைத் தட்டு, டப்பா மூடி திறந்திருக்கிறது. ஐந்தாம் பக்கத்தில் ஆச்சி அழும் கட்டத்தின் ஓரத்தில் அம்மி. வாசகர் கண் முகத்துக்குத்தான் போகும், தட்டும் அம்மியும் பார்வையில் பட்டும் மனசில் பதியாது. முழுக் கறுப்பு வெள்ளையில் வரைந்து சிவப்பு ஒன்றை மட்டும் தனி வண்ணமாக வைத்தால், எலுமிச்சைச் சாறு வழிந்த கோட்டில் அந்தச் சிவப்பை எடுத்துவிட்டாலே போதும்.

ஆத்தங்குடிக் கல் தரை, பர்மா தேக்குத் தூண் எல்லாம் வரைய ஆசையாக இருக்கும். வளவை முதன்முதலில் காட்டும் பெரிய கட்டத்தில் மனசாரப் பூவேலை போடுங்கள், அதற்குப் பிறகு குறைத்துவிடுங்கள். எல்லாக் கட்டத்திலும் பூ நிறைந்தால் தடயம் அதில் காணாமல் போய்விடும். வெளிச்சம் வளவிலிருந்துதான் வருகிறது, அதனால் பகலிலேயே உள் அறைகளைக் கறுப்பு மையால் தைரியமாக நிரப்பலாம். தூண் நிழல் விழும் பக்கத்தை நேரத்துக்குத் தக்கபடி மாற்றுங்கள், யாராவது நேரத்தைப் பற்றிப் பொய் சொன்னால் நிழல் காட்டிக்கொடுக்கும்.

அச்சுப் புத்தகம் என்றால் ஒற்றைப்படைப் பக்கம் வலப்பக்கம் வரும். கதவு திறக்கும் கை அங்கே கடைசிக் கட்டத்தில், உள்ளே கிடக்கும் பிணம் பக்கத்தைத் திருப்பியதும் இடப்பக்கம் முதல் கட்டத்தில். இதை மாற்றிப் போட்டால் பிணம் எதிர்ப் பக்கத்திலேயே தெரிந்துவிடும், திடுக்கிடல் போச்சு. கைபேசியில் கீழே தள்ளிப் படிக்கிற மாதிரி செய்தால் இரண்டுக்கும் நடுவில் நீளமாகக் கறுப்பு விடுங்கள்.

வசன பலூனைப் படத்துக்கு முன்பே வைத்துவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், "கண்டுபிடிக்கவில்லையே" என்ற ஒரே சொல் சின்ன பலூனை அடைத்துக்கொள்ளும். சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், "கொலை" என்று அடித்துச் சோதித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பென்சில் வரைவு முடிந்ததும், மை போடுவதற்கு முன், கடைசி நான்கு பக்கங்களை எடுத்து வைத்துவிட்டு மீதியை இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து யார் கொலைகாரர் என்று கேளுங்கள். எல்லாரும் சரியாகச் சொன்னால் சுண்ணாம்பு டப்பாவை இன்னும் சின்னதாக வரையுங்கள். ஒருவரும் சொல்லவில்லை, விடையைக் காட்டிய பிறகும் திரும்பப் போய் அந்தக் கட்டத்தைத் தேடவில்லை என்றால், டப்பாவைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துங்கள்.